வியட்நாம் பட்டோவியங்களில் தாயும் சேயும்: எப்படி வரைந்தார்கள், எப்படிப் பார்ப்பது

கேட்டது மூன்று கேள்விகள். வியட்நாம் பட்டோவியங்களில் தாயும் குழந்தையும் ஏன் இத்தனை முறை வருகிறார்கள்? அந்தப் படங்களின் மென்மை எதனால் வருகிறது? நாமே ஒன்று வரைந்து பார்க்க என்ன செய்ய வேண்டும்? இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது பிடிபட்டால் மற்ற இரண்டும் தானாக வரும்.

நல்ல பட்டோவியம் ஒன்றில் குழந்தையின் கன்னத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் வெள்ளை வண்ணம் பூசியிருக்காது. நெசவின் இழை ஒவ்வொன்றும் தெரியும். இழைக்குள் ஊறியது போல லேசான மஞ்சளோ செம்மண் நிறமோ இருக்கும், அவ்வளவுதான். நாம் வெளிச்சம் என்று நினைப்பது பட்டின் சொந்த நிறம். பட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெள்ளைக் காகிதம் அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறது. அதே படத்தில் அம்மாவின் கூந்தல், தலைத்துணி, கறுப்புப் பாவாடை ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே வண்ணம் ஏற்றி, கழுவி, மறுபடி ஏற்றி, மறுபடி கழுவிப் பத்துப் பன்னிரண்டு சுற்று வேலை நடந்திருக்கும். படத்தில் ஓவியரின் கை அதிகம் பட்ட இடம் தாய். கை படாமல் காப்பாற்றிய இடம் குழந்தை. தாய்மை என்ற பொருள் பட்டில் இத்தனை நன்றாக உட்கார்வதற்கு முதல் காரணம் இது என்பது என் உறுதியான எண்ணம். எண்ணெய் வண்ணத்தில் ஒளியைக் கடைசியில் மேலே வைக்கலாம். பட்டில் அதை முதல் நாளிலேயே ஒதுக்கி வைத்து, கடைசி நாள் வரை அழுக்குப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மரபு நாம் நினைக்கும் அளவுக்குப் பழமையானது இல்லை. பட்டில் முன்னோர் உருவங்களை வரையும் வழக்கம் வியட்நாமில் முன்பே உண்டு. ஆனால் இன்று வியட்நாம் பட்டோவியம் என்று நாம் சொல்வது, 1925-இல் ஹனோயில் வகுப்புகள் தொடங்கிய இந்தோசீன நுண்கலைக் கல்லூரியில் பிறந்தது. பிரெஞ்சு ஓவியர் விக்தோர் தார்தியூவும் ஹனோய்க்காரரான நாம் சோனும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். முதல் அணி மாணவர்களில் நுயென் ஃபான் சான், லே ஃபோ, மாய் த்ரூங் தூ மூவரும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அணியில் வூ காவ் டாம் சேர்ந்தார், அவர் படித்தது சிற்பம். 1945-இல் கல்லூரி மூடப்பட்டது. இருபது ஆண்டுகள்தான் நடந்தது, ஆனால் அதற்குள் ஒரு கலை முறை முழுதாக உருவாகிவிட்டது.

நுயென் ஃபான் சானைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1892-இல் ஹா தின் மாகாணத்தில் பிறந்தவர். கல்லூரியில் சேரும்போதே வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சீன எழுத்துகளைத் தூரிகையால் எழுதும் பயிற்சி சிறு வயதிலேயே கைவந்திருந்தது. பட்டில் அந்தக் கை அப்படியே பயன்பட்டது. 1931-இல் பாரிஸில் நடந்த குடியேற்ற நாடுகளின் கண்காட்சியில் அவருடைய பட்டோவியங்கள் தொங்கின. வியட்நாம் பட்டோவியம் என்ற பெயர் வெளியுலகத்தில் அறிமுகமானது அங்கேதான். அவற்றில் பேர்பெற்றது 'ஓ ஆன் குவான் விளையாட்டு': தரையில் உட்கார்ந்து சிறுமிகள் கல்லை எண்ணிக் குழிகளில் போட்டு விளையாடுகிறார்கள். நம் பல்லாங்குழிக்கு நெருங்கிய சொந்தம் அந்த ஆட்டம், தமிழர் யாருக்கும் பார்த்த உடனே புரியும்.

அவருடைய படங்களில் பழுப்பும் கறுப்பும்தான் ஆட்சி. அது அவர் கற்பனை செய்த நிறச் சேர்க்கை இல்லை. வடக்கு வியட்நாமில் வயலில் வேலை செய்யும் பெண்களின் மேல்துணி வள்ளிக்கிழங்கு இனத்துக் காட்டுக்கிழங்கு ஒன்றில் தோய்த்தது. அதன் சாறு துணியில் ஏறினால் செம்பழுப்பு வரும். அந்தத் துணியின் நிறத்தையே அவர் படத்தின் நிறமாக எடுத்துக்கொண்டார். அவருடைய பெண்கள் பெரும்பாலும் ஏதாவது வேலையில் இருப்பார்கள்: குளத்துப் படியில் கீரை கழுவுவது, அரிசி விற்பது, சின்னதுகளைப் பார்த்துக்கொள்வது. உடல்களைத் தனித்தனியாகக் கோடு போட்டுப் பிரிக்காமல் பெரிய, தட்டையான, அடர்ந்த நிறத் திட்டுகளாக வைப்பார். அக்காவும் தங்கையும், தாயும் மகளும் நெருங்கி உட்கார்ந்தால் அவர்கள் உடை ஒரே திட்டாக ஒன்றிவிடும், முகங்களும் கைகளும் மட்டும் அந்த இருட்டுக்குள்ளிருந்து வெளியே வரும். பட்டில் தாய்மையைக் காட்டும் வழிகளில் இது ஒன்று. முத்தமும் அணைப்பும் தேவையே இல்லை. இரண்டு பேர் ஒரே நிழலுக்குள் இருப்பது போதும்.

இன்னொரு வழி பாரிஸில் உருவானது. வூ காவ் டாம் 1931-லேயே போய்விட்டார். லே ஃபோவும் மாய் த்ரூங் தூவும் 1937-இல் போய் அங்கேயே தங்கினார்கள். பிரான்சில் கையெழுத்தைச் சுருக்கி மாய்-தூ என்று போடுவது மாய் த்ரூங் தூவின் வழக்கம். அதே கல்லூரியில் படித்த லே தி லூ 1940-இல் சேர்ந்துகொண்டார். இந்த நால்வரின் கையில்தான் 'மத்தெர்னித்தே', அதாவது 'தாய்மை' என்ற தலைப்பே ஒரு தனி வகையாக வளர்ந்தது. ஏலப் பட்டியல்களில் இந்தத் தலைப்பு திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம்.

லே ஃபோ 1907-இல் ஹனோய் அருகே பிறந்தவர். தந்தை வடக்குப் பகுதியின் உயர் அதிகாரி. மூன்று வயதில் தாயையும் எட்டு வயதில் தந்தையையும் இழந்தார். அவருடைய தாய்-சேய்ப் படங்களுக்கு இதையே காரணமாகப் பலர் எழுதுகிறார்கள். ஒரு பங்கு உண்மை இருக்கலாம், ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் படத்தில் இருப்பது கண்ணில் படாமல் போய்விடும். ஐரோப்பாவில் அவர் பழைய இத்தாலிய, பிளெமிஷ் ஓவியர்களின் மரியாள் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தவர். 1930களின் கடைசியில் பட்டில் அவர் வரைந்த 'கன்னியும் குழந்தையும்' படங்களில் அந்தப் பாடம் நன்றாகத் தெரிகிறது: சாய்ந்த தலை, நீண்ட விரல்கள், தலையிலிருந்து தோளுக்கு இறங்கும் முக்காடு. முகம் மட்டும் வடக்கு வியட்நாம் முகம். கத்தோலிக்கர் அதை மரியாள் என்பார்கள். பௌத்தக் குடும்பத்தில் வளர்ந்தவருக்குக் குழந்தையை ஏந்திய குவான் அம், அதாவது கருணையின் உருவான அவலோகிதேஸ்வரரின் பெண் வடிவம் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் அந்தப் படம் இடம் தருகிறது. எனக்கு அதுதான் அதன் பலமாகப் படுகிறது.

1963-இல் ஓர் அமெரிக்கக் காலரியோடு ஒப்பந்தம் ஆன பிறகு லே ஃபோ எண்ணெய் வண்ணத்தில் பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்களையும் பெண்களையும் நிறைய வரைந்தார். அழகான படங்கள்தான், ஆனால் நாம் பேசும் பட்டின் வேலை அவற்றில் இல்லை. லே ஃபோவின் தாய்மையைப் பார்க்க விரும்புபவர்கள் 1930கள், 40களின் பட்டுப் படங்களைத் தேடுங்கள்.

மாய் தூவின் உலகம் வேறு. அளவில் சிறிய படங்கள், சில படங்கள் நோட்டுப் புத்தகத்தை விடப் பெரிதாக இருக்காது. மெல்லிய, தெளிவான கோடு உண்டு. முகத்தில் கண், மூக்கு, வாய் எல்லாம் சின்னதாக, நெற்றி அகலமாக இருக்கும். குழந்தைகள் கூட்டமாக வருவார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து ஒருத்திக்குத் தலை வாருவாள், ஒருவனுக்கு எழுத்துச் சொல்லித் தருவாள். படச் சட்டத்தையும் அவரே செய்து வண்ணமிடுவார், அதனால் அசல் சட்டத்தோடு இருக்கும் படத்துக்கு மதிப்பு கூடுதல். வூ காவ் டாமின் தாய்மார் உயரமாக, ஒடுங்கிய தோளோடு இருப்பார்கள். சிற்பியின் கண் அதில் தெரியும்: தாயும் சேயும் ஒரே கல்லில் செதுக்கியது போல வெளிவரைகோடு ஒன்றாக ஓடும்.

லே தி லூவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1911-இல் பிறந்தவர், ஹனோய் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண் தலைமுறை. ஆண் ஓவியர்களின் படங்களில் தாய் பெரும்பாலும் தூரத்திலிருந்து பார்க்கப்படுகிறாள்: அமைதியாக, உடை கசங்காமல், சிலை போல. லே தி லூவின் படங்களில் குழந்தைக்கு எடை இருக்கும். தூக்கி வைத்திருக்கும் கை சற்று இறங்கியிருக்கும், இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்திருக்கும். வண்ணமும் விளிம்பில் மற்றவர்களை விட அதிகமாகக் கரையும், கன்னம் எங்கே முடிந்து அம்மாவின் தோள் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. என் பார்வையில் இந்தப் பொருளை இவர்களில் நெருங்கிப் போய்த் தொட்டவர் இவர்தான். ஹோ சி மின் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் அவருடைய படங்கள் இருக்கின்றன.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம், ஏன் இந்தப் பொருள்? பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. வியட்நாம் கிராமத்துக்கு முன்பே ஒரு தாய்மைப் படிமம் உண்டு. டோங் ஹோ கிராமத்து மரக்கட்டை அச்சுப் படங்களில் குஞ்சுகள் சூழ்ந்த தாய்க்கோழியும், உடலில் சுழிக்குறி போட்ட தாய்ப்பன்றியும் குட்டிகளும் வருவார்கள். புத்தாண்டுக்கு வாங்கிச் சுவரில் ஒட்டும் படங்கள் அவை, பிள்ளைப்பேறும் செழிப்பும் வேண்டி ஒட்டுவது. மூவுலகத் தாய்த் தெய்வ வழிபாடு இன்றும் நடக்கிறது, 2016-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கல்லூரியில் ஐரோப்பிய ஆசிரியர்கள் கற்றுக்கொடுத்த தாய்-சேய் அமைப்பு இந்தப் படிமத்தோடு வந்து சேர்ந்தது. பிறகு சந்தை. பாரிஸ் வாங்குவோர் இந்தப் படங்களை விரும்பினார்கள், விற்றது, மேலும் வரைந்தார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு வீடு என்றால் அம்மாதான் என்பதும் உண்மை. சந்தையைச் சொன்னால் ஏக்கம் பொய்யாகிவிடாது. ஒரே படத்தில் இரண்டும் இருக்கும்.

நாட்டில் தங்கியவர்கள் வேறு காலத்தைப் பார்த்தார்கள். போர் ஆண்டுகளில் வடக்கே பட்டில் உழைப்பாளிப் பெண்ணும் ஊர்க்காவல் பெண்ணும் வந்தார்கள். நுயென் ஃபான் சான் எழுபத்தைந்து வயதில் வரைந்த 'காவல் நேரம் முடிந்த பிறகு' (1967) அந்த வரிசையில் வருவது. 1984-இல் இறக்கும் வரை அவர் பட்டை விடவில்லை.

படத்தில் தாயை அடையாளம் காண உதவும் சில பொருள்களைத் தெரிந்துகொள்ளுங்கள், பார்க்கும் சுவை இரட்டிப்பாகும். மார்பை மறைக்கும் சாய்சதுரத் துணி 'யெம்', கழுத்திலும் முதுகிலும் நாடாவால் கட்டுவது. பாலூட்டும்போது அதைப் பக்கவாட்டில் ஒதுக்கினால் போதும். பட்டில் யெம் பெரும்பாலும் துணியின் வெற்று நிறமாகவோ வெளிறிய சிவப்பாகவோ விடப்படும். கூந்தலை நீளத் துணியில் சுருட்டித் தலையைச் சுற்றிக் கட்டுவது வடக்குப் பெண்களின் முறை. அதற்கு மேல் கறுப்புத் துணியை நெற்றியில் காக்கை அலகு போல மடித்துக் கட்டினால் அவள் கிராமத்துப் பெண். குழந்தைக்குத் தலையை மழித்து உச்சியிலோ இரு பக்கமோ சிறு குடுமி விட்டிருப்பார்கள். இரண்டு குடுமிக்குப் பீச் பழம் என்று செல்லப் பெயர். காலில் வெள்ளிக் காப்பு. அம்மா வாய் திறந்து சிரிப்பது அரிது. பழைய தலைமுறை வடக்குப் பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டவர்கள், அப்போது அதுவே அழகு. பின்னணியில் மூங்கில் கட்டில், கோரைப்பாய், தொங்கும் ஏணை. தாலாட்டு வரைய முடியாது, ஆனால் ஏணைக் கயிற்றைப் பிடித்த கை வரைய முடியும்.

இனி மூன்றாவது கேள்வி, வரைவது. இணையத்தில் 'சில்க் பெயின்டிங்' என்று தேடினால் வருவதில் பாதி வேறு கலை: குட்டா என்ற பசையால் கோடு போட்டு வேலி கட்டி, அதற்குள் சாயத்தை ஊற்றி, ஆவியில் வைத்து நிலைநிறுத்துவது. துப்பட்டாவுக்கு அது சரி. வியட்நாம் முறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குட்டாவும் வேண்டாம், துணிச் சாயமும் வேண்டாம்.

துணி: ஹனோய்க்கு அருகில் உள்ள வான் ஃபுக் நெசவாளர் கிராமம் பட்டுக்குப் பேர்போனது. நமக்கு அது கிடைக்காவிட்டால் ஜரிகையோ பளபளப்போ இல்லாத, சாயம் ஏறாத, மெல்லிய வெற்று நெசவு மல்பரிப் பட்டு போதும். சாட்டின் நெசவு உதவாது. அதில் இழை மேலே மிதப்பதால் வண்ணம் ஒரே பக்கமாக வழுக்கி ஓடும். துணியை விரல் மேல் வைத்தால் ரேகை தெரிய வேண்டும், அந்த மெல்லிசு தேவை. முதல் படத்துக்கு 30 செ.மீ. க்கு 40 செ.மீ. அளவு சட்டம், துணி நாலு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக.

சட்டத்தில் இழுக்கும்போது பாவும் ஊடையும் சட்டத்துக்கு நேராக ஓட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் முதல் ஊசி, பிறகு மூலைகளை நோக்கி. கோணலாக இழுத்தால் வரையும்போது தெரியாது. படம் முடிந்து சட்டத்திலிருந்து எடுத்ததும் துணி தன் நிலைக்குத் திரும்பும், நேராக வரைந்த மூக்கு வளைந்துவிடும். மத்தளம் போல இழுக்கவும் வேண்டாம், காய்ந்ததும் பட்டு மேலும் இறுகும்.

அடுத்தது கஞ்சி. வேட்டிக்குப் போடுவது போலக் கெட்டியாகக் கூடாது. அரை லிட்டர் தண்ணீருக்கு அரிசி மாவோ மரவள்ளி மாவோ 5 கிராம், தேக்கரண்டியில் தலை தட்டி ஏறக்குறைய இரண்டு. ஆறின நீரில் கரைத்து, பிறகு அடுப்பில் கிளறிக் கண்ணாடி போல ஆனதும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அகலத் தூரிகையால் ஒரு திசையில் ஒருமுறை, காய்ந்ததும் குறுக்குத் திசையில் ஒருமுறை. ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுச் சோதியுங்கள். உடனே வேர் விட்டது போலப் பரவினால் கஞ்சி போதவில்லை. முத்தாக நின்று உருண்டால் அதிகம். சில நொடி நின்று மெதுவாக வட்டமாக உறிஞ்சினால் சரி. கஞ்சி அதிகமானால் வண்ணம் இழைக்குள் இறங்காமல் கஞ்சி மேல் உட்காரும், கழுவும்போது கஞ்சியோடு வந்துவிடும். ஜெலட்டினோடு படிகாரம் சேர்த்துப் பூசும் கிழக்காசிய முறையும் உண்டு. கோடு கூர்மையாக நிற்கும், ஆனால் படிகாரம் அமிலத்தன்மை உள்ளது, அளவு கூடினால் வருடங்கள் போகப் போகப் பட்டை நொறுங்க வைக்கும். தொடங்குபவர்கள் கஞ்சியோடு நில்லுங்கள்.

பட்டில் அழிக்க முடியாது. அதனால் படத்தை முழு அளவில் காகிதத்தில் வரைந்து முடித்துவிட வேண்டும். அம்மாவின் கை குழந்தையின் அக்குளுக்குள் எப்படிப் போகிறது, குழந்தையின் எடை எந்த முட்டியில் இறங்குகிறது, எல்லாம் காகிதத்தில் தீர்ந்திருக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தலை, மொத்த உயரத்தில் நாலில் ஒரு பங்கு. இதில் பிசகினால் குட்டி மனிதன் போல ஆகிவிடும். வரைந்த காகிதத்தைப் பட்டுக்கு அடியில் வைத்தால் தெளிவாகத் தெரியும். நீர்த்த இங்க்கில் மெல்லிய தூரிகையால் படியெடுங்கள். கரித்துண்டு வேண்டாம், தூள் இழைக்குள் போய் நிரந்தர அழுக்காகும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு தாள் வையுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் ஏறாது. இதெல்லாம் நாலாவது சுற்றில்தான் வெளியே தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

வண்ணத்துக்கு நல்ல வாட்டர்கலர், சீன இங்க். முதல் படத்துக்கு நாலு நிறம் போதும்: யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, இண்டிகோ, கறுப்பு இங்க். மலிவான மாணவர் பெட்டிகளில் சில நிறங்கள் நிறமியாக இல்லாமல் சாயமாக இருக்கும். அவை கழுவினாலும் போகாது, வெயிலில் மட்டும் போய்விடும்.

முதல் சுற்று மிக வெளிறியது. டீ வடிகட்டிய கடைசித் தண்ணீர் எந்த அளவுக்கு நிறம் காட்டுமோ அந்த அளவு. பூசப்போகும் வடிவம் முழுவதையும் முதலில் வெறும் நீரால் ஈரமாக்கி, பிறகு வண்ணம். அப்படிச் செய்யாமல் உலர்ந்த துணியில் வைத்தால் காயும்போது நிறமி விளிம்புக்கு ஓடி, கறை ஓரம் போல நீர்த்தடம் விழும். நன்றாகக் காயட்டும். காய்ந்த பிறகு சட்டத்தைச் சாய்த்து, சுத்தமான நீரையும் மென்மையான அகலத் தூரிகையையும் கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். தேய்க்கக் கூடாது. மேலே தங்கிய நிறமி போய்விடும், இழைக்குள் போனது மட்டும் நிற்கும். முதல் முறை கழுவும்போது செய்ததெல்லாம் போச்சே என்று மனசு பதறும். பதற வேண்டாம், போனது போகட்டும். மறுபடி வண்ணம், மறுபடி கழுவல். தோலுக்கு மூன்று நாலு சுற்று, உடைக்கு ஏழெட்டு, கறுப்புக்குப் பத்துக்கு மேல். ஒரே பூச்சில் கறுப்பை முடிக்கப் பார்த்தால் தார் பூசியது போல இருக்கும், கழுவும்போது கலங்கிப் பக்கத்து முகத்தில் வழியும். பட்டு எப்படித் தெரியப்போகிறது என்று அறிய அவ்வப்போது அடியில் வெள்ளை அட்டை வைத்துப் பாருங்கள். மேசை நிறத்தின் மேல் பார்த்து முடிவு செய்தால், காகிதம் ஒட்டியதும் படம் முழுவதும் வெளிறிப்போகும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: அம்மாவின் கறுங்கூந்தல் குழந்தையின் கன்னத்தைத் தொடும் கோடு. ஈரம் சற்றே இருந்தாலும் கறுப்பு கன்னத்துக்குள் ஊர்ந்துவிடும், அதைத் திருப்பி எடுக்க வழி கிடையாது. கன்னத்தின் சுற்றுகளை முதலில் முடித்து முழுதாகக் காய விடுங்கள். பிறகு கூந்தலின் விளிம்பை ஒரு முடி அளவு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கடைசியில், பிழிந்த ஈரத் தூரிகையால் கறுப்புப் பக்கத்திலிருந்து அந்த இடைவெளியை மெதுவாகத் தொட்டால் விளிம்பு கரைந்து கன்னத்தில் சாயும். தூரிகை கன்னத்திலிருந்து கூந்தலுக்குப் போகக் கூடாது, போனால் கறுப்பு தூரிகையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். பழைய படங்களில் பல இடங்களில் அந்த முடி அளவு இடைவெளி அப்படியே விடப்பட்டிருக்கும், மெல்லிய ஒளிக்கோடு போலத் தெரியும்.

வெள்ளைக் குவாஷ், அதாவது அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம், எடுக்கக் கை துடிக்கும். எடுக்காதீர்கள். பட்டின் மேல் அது சுண்ணாம்பு பூசிய பொம்மை முகம் தரும், காகிதம் ஒட்ட ஈரமாக்கும்போது உரியவும் செய்யும். கண் கடைசி வேலை. தாழ்ந்த இமைக்கு ஒரே வளைவு, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து. துண்டுத் துணியில் இருபது முப்பது முறை போட்டுப் பழகிவிட்டுப் படத்தில் ஒருமுறை போடுங்கள்.

காகிதம் ஒட்டுவது தனிக் கலை. வியட்நாமில் 'ஸோ' என்ற மரப்பட்டைக் காகிதம். நமக்கு அமிலம் இல்லாத மெல்லிய வெள்ளைக் காகிதம் போதும். படத்தை வழவழப்பான மேசையில் முகம் கீழாக வைத்து நீர் தெளித்து, நெசவு நேராகும்படி தடவி விடுங்கள். மைதாவிலோ அரிசி மாவிலோ காய்ச்சி நீர்த்த பசையைக் காகிதத்தில் பூசி, நடுவிலிருந்து வெளியே தூரிகையால் அழுத்துங்கள். காற்றுக் குமிழ் நின்றால் பிற்காலத்தில் அந்த இடம் மட்டும் பழுப்பாகத் தனித்துத் தெரியும். ஓரங்களைப் பலகையில் ஒட்டி இரண்டு மூன்று நாள் நிழலில் காய விடுங்கள். மின்விசிறியை நேரே வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து கிழியும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: மாய் தூவின் படங்கள் 1960களில் பட்டுத்துணி மேலேயே அச்சாகி நிறைய விற்றன. அழகானவை, வாங்கலாம், ஆனால் அச்சுக்கு அச்சு விலை. பூதக்கண்ணாடியில் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. புள்ளி இல்லை என்பதற்காக அசல் என்று முடிவு கட்டவும் வேண்டாம், போலி வரைபவர்கள் இருக்கிறார்கள். 2016-இல் ஹோ சி மின் நகரில், ஐரோப்பாவிலிருந்து திரும்பியவை என்று காட்டிய 17 படங்கள் போலி அல்லது தவறான பெயரில் வந்தவை என்று தெரியவந்தது. கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள். நிறம் இழைக்குள் இருக்கிறதா, மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். அசலில் கழுவிய பட்டு மங்கலாக, ஒரே சீராக இருக்கும்.

வைத்துக் காப்பது: வெயில் படும் சுவரும் குளியலறைச் சுவரும் கூடாது. ஹனோயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுவரே வியர்க்கும் ஈரக் காலம் ஒன்று உண்டு, பூஞ்சை அப்போதுதான் பிடிக்கும். நம் மழைக்காலமும் அப்படித்தான், அரிசிப் பசை பூஞ்சைக்கு விருந்து. கண்ணாடி பட்டைத் தொடாமல் ஓரத்தில் அட்டை வைத்துச் சில மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்பக்கம் சாதாரண ஹார்ட்போர்டு வேண்டாம், அதன் அமிலம் காகிதம் வழியாகப் பட்டுக்கு வந்து பழுப்பாக்கும். எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால் தட்டையாகவோ அகலமான உருளையில் சுற்றியோ கொண்டுபோங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் இழை முறியும். மடிப்பு விழுவது படத்தின் நடுவில், பெரும்பாலும் குழந்தையின் முகத்தில்.